சிவிக் 1.8: இன்ஜின் பாட வேண்டும், ஊர் அலறக் கூடாது – எந்த எக்ஸாஸ்ட் போடலாம்?

சிவிக்_கோவை

வணக்கம். என்னுடையது 2009ஆம் ஆண்டு ஹோண்டா சிவிக் 1.8, மேனுவல் கியர். பதினைந்து ஆண்டு முடிந்து எஃப்சி புதுப்பித்தாகிவிட்டது. இன்னும் சில ஆண்டுகள் இந்தக் காரோடுதான் இருக்கப் போகிறேன். பின்பக்க சைலன்சரின் அடிப்பகுதி துருப்பிடித்து ஓட்டை விழுந்துவிட்டது. எப்படியும் மாற்றியாக வேண்டும் என்னும்போது, நல்ல ஒலி தரும் ஒன்றாகவே மாற்றலாமே என்று தோன்றுகிறது.

நான் கேட்பது இரண்டுதான். 4,000 ஆர்பிஎம்மைத் தாண்டி இழுக்கும்போது இன்ஜின் பாட வேண்டும். நெடுஞ்சாலையில் சீரான வேகத்தில் போகும்போது, பின் இருக்கையில் இருக்கும் அம்மா பேசுவது எனக்குக் கேட்க வேண்டும்.

ஒரு கடையில் விசாரித்தேன். 4-2-1 ஹெடர் (இன்ஜினிலிருந்து புகையை வாங்கும் குழாய்த் தொகுப்பு), நடுவில் உள்ள ரெசனேட்டரை (சத்தத்தை அடக்கும் சிறு உருளை) வெட்டி எடுத்துவிட்டு இரண்டரை அங்குல நேர் பைப், பின்னால் நான்கு அங்குல டிப் (குழாயின் வெளிமுனை) – இதுதான் அவர்கள் தரும் திட்டம். போடலாமா?

பச்சை_ஸ்விஃப்ட்

போடுங்கள் அண்ணா! என் ஸ்விஃப்டில் பின் சைலன்சரையே எடுத்துவிட்டு நேர் பைப் வைத்திருக்கிறேன். செலவு மிகக் குறைவு. தெருமுனையில் திரும்பும்போதே வீட்டில் கேட் திறந்துவிடுகிறார்கள். நான்கு சிலிண்டர் ஸ்விஃப்ட் இனி வராது. 2024 மாடலிலிருந்து மூன்று சிலிண்டர்தான். இருக்கும்போதே அனுபவித்துவிட வேண்டும்.

பழைய_பட்டறை

தம்பி சிவிக், அந்தக் கடைக்காரர் உங்கள் காருக்கு அடியில் ஒருமுறையாவது படுத்துப் பார்த்தாரா என்று கேளுங்கள். உங்கள் இன்ஜின் ஆர்18. அதில் சிலிண்டர்களின் புகையை ஒன்றுசேர்க்கும் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டு தனியாகக் கிடையாது. நான்கு சிலிண்டர்களின் புகைவழிகளும் சிலிண்டர் ஹெட்டுக்குள்ளேயே ஒன்றுசேர்ந்து, ஒரே வாயாக வெளியே வருகின்றன. வார்ப்பே அப்படித்தான். அந்த ஒரு வாயில் நான்கு குழாய் கொண்ட ஹெடரை எங்கே பொருத்துவது? நான்காகப் பிரிந்து வந்தால்தானே இரண்டிரண்டாகச் சேர்த்து, பிறகு ஒன்றாக்க முடியும்?

ஆர்18-க்கு ஹெடர் என்று சொல்லி விற்பதெல்லாம் வெறும் டவுன்பைப். ஹெட்டை ஒட்டியே, புகையின் நச்சைக் குறைக்கும் கேட்டலிடிக் கன்வெர்ட்டர் இருக்கிறது. அதைக் கழற்றிவிட்டு அந்த இடத்தில் வெற்றுக் குழாயை மாட்டுவார்கள். அதாவது நீங்கள் காசு கொடுத்துக் கன்வெர்ட்டரை இழக்கிறீர்கள். பெட்ரோல் வாடை உள்ளே வரும், செக் இன்ஜின் விளக்கு எரியும், பொல்யூஷன் சோதனையில் கார் தேறாது. ஒலியும் கெடும். கன்வெர்ட்டரின் தேன்கூட்டு அறைகள் புகையின் கூர்மையான அதிர்வுகளை உடைத்து மென்மையாக்குகின்றன. அது போய்விட்டால் தகரத்தைக் கீறுவது போன்ற சத்தம்தான் மிஞ்சும்.

கிள்ளான்_எஃப்டி

பட்டறை அண்ணன் சொல்வது சரி. மலேசியாவில் உங்கள் தலைமுறை சிவிக்கின் உடலில் (அதன் குறியீடுதான் எஃப்டி) 1.8, 2.0 இரண்டும் விற்றார்கள். 2.0-வில் இருந்தது கே20 வகை இன்ஜின், 155 குதிரைத்திறன். அதிவேக வகையான டைப் ஆர் எஃப்டி2-வில் 225. இங்கே பழைய பாகக் கடைகளில் "சிவிக் எஃப்டி எக்ஸாஸ்ட்" என்று கேட்டால் இந்த மூன்றையும் கலந்து காட்டுவார்கள். ஜப்பானிலிருந்து வந்த பெயர்பெற்ற சைலன்சர்கள் பெரும்பாலும் டைப் ஆர்-க்காகச் செய்தவை. குழாய் பருமன், தொங்கவிடும் கொக்கிகளின் இடம், ஃபிளாஞ்ச் (போல்ட் போட்டு இணைக்கும் விளிம்பு) எதுவும் 1.8-க்குப் பொருந்தும் என்று நம்பி வாங்காதீர்கள். பாகத்தில் உள்ள பெயரைப் பார்ப்பதற்கு முன்னால் இன்ஜின் எண்ணைப் பாருங்கள்.

இன்னொன்று. ஜாஸ்மா என்ற சங்கத்தின் சான்றுத் தகடு பதித்த ஜப்பானிய சைலன்சர்கள் அந்த நாட்டு ஒலி வரம்புக்குள் செய்யப்பட்டவை. அப்படி ஒன்று அசலாகக் கிடைத்தால் அதன் குரல் அடக்கமாகவும் அழகாகவும் இருக்கும். ஆனால் தகட்டையே போலியாக அச்சடித்து ஒட்டுகிறார்கள். வெல்டிங் ஓரத்தைத் தடவிப் பார்த்தால் அசல் எது என்று ஓரளவு தெரிந்துவிடும்.

சிவிக்_கோவை

ஹெடர் விஷயம் எனக்குத் தெரியவே தெரியாது. மிக்க நன்றி. அப்படியானால் என் இன்ஜினில் அந்த விடெக் (வால்வு திறப்பை மாற்றும் ஹோண்டா நுட்பம்) அலறல் கிடைக்காதா? 6,000-ஐ நெருங்கும்போது குரல் மாறும் என்று எதிர்பார்த்தேன்.

நான்காம்_வரிசை

அந்தக் குரல் மாற்றம் உங்கள் இன்ஜினில் இல்லை. அதை எந்தச் சைலன்சராலும் தர முடியாது. இது முதலிலேயே தெளிவாகிவிடுவது நல்லது. ஹோண்டாவின் பழைய பி16 போன்ற இன்ஜின்களில் ஒரு குறிப்பிட்ட வேகத்துக்கு மேல் வால்வுகள் அதிகமாகவும் நீண்ட நேரமும் திறக்கும்படி வேறொரு கேம் (வால்வைத் தள்ளித் திறக்கும் பாகம்) வேலைக்கு வரும். குரல் சட்டென்று மாறுவது அதனால்தான். ஆர்18-ல் ஐ-விடெக் எரிபொருள் சேமிப்புக்காக அமைந்தது. சுமை இல்லாமல் சீராகப் போகும்போது உள்ளிழுக்கும் வால்வைத் தாமதமாக மூடுகிறது. மிதித்தால் வழக்கமான கேமுக்குத் திரும்பிவிடுகிறது. ஆகவே இந்த இன்ஜினின் அழகு படிப்படியாக ஏறும் ஒலியில்தான் இருக்கிறது. அதைக் கெடுக்காமல் வெளியே கொண்டுவருவதுதான் நம் வேலை.

நான் வாகன ஒலி, அதிர்வுத் துறையில் வேலை செய்பவன். அதனால் கொஞ்சம் நீட்டி எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான்கு சிலிண்டர், நான்கு ஸ்ட்ரோக் இன்ஜினில் கிராங்க் ஒரு சுற்றுச் சுற்றினால் இரண்டு முறை எரிப்பு நடக்கிறது. 1,500 ஆர்பிஎம்மில் நொடிக்கு 50 எரிப்பு, 3,000-த்தில் 100, 6,000-த்தில் 200. இதுதான் அடிச் சுருதி. எரிப்பு 180 டிகிரிக்கு ஒருமுறை ஒரே சீராக வருவதால், இந்தச் சுருதியும் அதன் மடங்குகளும்தான் ஓங்கி ஒலிக்கும். இடைப்பட்ட சுரங்கள் அடங்கியிருக்கும். நான்கு சிலிண்டர் ஒலி தட்டையாக இருக்கிறது என்று மக்கள் குறைப்படுவது இதனால்தான். பழைய சுபாருக்களின் குடுகுடு ஒலி பலருக்குப் பிடிக்கிறதல்லவா? அதுவும் நான்கு சிலிண்டர்தான். அங்கே இருபக்கத்துக் குழாய்களின் நீளம் சமமாக இல்லாததால் அதிர்வுகள் முன்பின்னாக வந்து சேர்கின்றன, இடைச் சுரங்கள் பிறக்கின்றன. அதே காரில் சம நீளக் குழாய் போட்டால் அந்த உறுமல் போய்விடும். உங்கள் காரில் ஹெட்டுக்குள்ளேயே எல்லாம் கலந்துவிடுவதால் இந்த விளையாட்டுக்கு இடமே இல்லை.

அடுத்து கேபின். பயணிகள் அறையின் நீளத்தை ஏறக்குறைய 2 மீட்டர் என்று வையுங்கள். காற்றில் ஒலியின் வேகம் நொடிக்குச் சுமார் 340 மீட்டர். மூடிய அறையில் நீளவாக்கில் எழும் முதல் ஒத்ததிர்வு 85 ஹெர்ட்ஸை ஒட்டி வருகிறது. அதே 85 ஹெர்ட்ஸ் எரிப்பு எந்த ஆர்பிஎம்மில் வரும்? 2,550-ல். நெடுஞ்சாலையில் ஐந்தாம் கியரில் உங்கள் முள் எங்கே நிற்கிறது என்று பாருங்கள்.

சிவிக்_கோவை

100 கி.மீ. வேகத்தில் 2,500-ஐ ஒட்டி நிற்கிறது. இப்போது புரிகிறது. ஓட்டை விழுந்த நாளிலிருந்து சரியாக அந்த வேகத்தில்தான் காதில் ஒரு அழுத்தம். அம்மாவுக்குத் தலைவலியே வந்துவிடுகிறது.

நான்காம்_வரிசை

அதேதான். இந்த இரைச்சல் பின் இருக்கையில்தான் கூடுதலாகத் தெரியும். நீளவாக்கு ஒத்ததிர்வில் அழுத்தம் உச்சமாக இருப்பது அறையின் இரு முனைகளில். நடுவில் மிகக் குறைவு. சுற்றிலும் கண்ணாடி இழை அடைத்த, புகை நேராக ஓடும் நேர்வழிச் சைலன்சர் உயர் சுருதிகளை நன்றாக விழுங்கும். 80, 90 ஹெர்ட்ஸை ஏறக்குறைய அப்படியே விட்டுவிடும். உங்கள் கார் தயாரிக்கப்பட்டபோது இருந்த, அறைகள் கொண்ட பெரிய சைலன்சர் இந்தத் தாழ் சுருதியைத்தான் எதிரொலித்து அடக்கிக்கொண்டிருந்தது. அதை எடுத்துவிட்டுச் சிறிய நேர்வழி உருளையை மாட்டினால், நீங்கள் கேட்ட பாட்டும் கிடைக்கும், வேண்டாத முழக்கமும் கூடவே வரும்.

இதற்குத் தீர்வு உண்டு. பிரதான குழாயிலிருந்து ஒரு பக்கக் கிளை பிரிய வேண்டும். அதன் மறுமுனை மூடியிருக்க வேண்டும். கிளைக்குள் போகும் அலை மூடிய முனையில் பட்டுத் திரும்பி வரும்போது அரை அலை பின்தங்கியிருக்கும். குறிப்பிட்ட ஒரு சுருதியை மட்டும் அது எதிர்த்து அழித்துவிடும். கிளையின் நீளம் அந்தச் சுருதியின் அலைநீளத்தில் கால் பங்கு. கிளைக்குள் வாயு ஓடாமல் நிற்பதால் பிரதான குழாயைவிடச் சூடு குறைவு. 150 டிகிரி செல்சியஸ் என்று எடுத்தால் ஒலியின் வேகம் நொடிக்கு ஏறக்குறைய 410 மீட்டர். உங்கள் 2,500 ஆர்பிஎம்முக்கான 83 ஹெர்ட்ஸுக்குக் கால் அலை சுமார் 1.24 மீட்டர். கொஞ்சம் நீளமாக வெட்டிப் பொருத்தி, ஓட்டிப் பார்த்துக் குறைத்துக்கொண்டே வர வேண்டும். வளைத்து மடக்கிக்கொள்ளலாம், நீளம்தான் முக்கியம். 4,000-க்கு மேலான குரலை இது தொடாது. இதைப் போடும் கடைகள் இங்கே மிகக் குறைவு என்பதுதான் வருத்தம். இருப்பது ஒரு குழாயும் ஒரு மூடியும் மட்டுமே.

பச்சை_ஸ்விஃப்ட்

எல்லாம் சரி, ஆனால் இவ்வளவு அடைத்தால் பிக்கப் போய்விடாதா? வேறு சிலர் நேர்மாறாக, பேக் பிரஷர் (வெளியேறும் புகைக்கு எதிரான அழுத்தம்) இல்லாவிட்டால் இன்ஜின் கெட்டுவிடும் என்கிறார்கள். எது உண்மை?

பழைய_பட்டறை

இன்ஜினுக்குப் பேக் பிரஷர் தேவையில்லை. புகை வேகம் குறையாமல் ஓட வேண்டும், அவ்வளவுதான். ஓடும் புகை தன் பின்னால் ஒரு வெற்றிடத்தை இழுத்துக்கொண்டு போகும்; அடுத்த சிலிண்டர் காலியாக அது உதவும். குழாயை அளவுக்கு மீறி அகலமாக்கினால் வேகம் குறைந்து, சூடும் ஆறி, கீழ் ஆர்பிஎம்மில் இழுவை மந்தமாகும். நேர் பைப் போட்டவர்கள் "பேக் பிரஷர் போய்விட்டது" என்று சொல்வது பெரும்பாலும் இதைத்தான்.

இரண்டு அங்குலக் குழாயைவிட இரண்டரை அங்குலக் குழாயின் பரப்பு ஒன்றரை மடங்குக்கும் மேல். டர்போ இருந்தால் போடட்டும். டர்போ இல்லாத 1.8-க்கு இரண்டே கால் அங்குலம், அதாவது 57 மி.மீ., மேல் வரம்பு. என் கையில் விட்டால் கன்வெர்ட்டருக்குப் பின்னால் ஏற்கெனவே இருக்கும் குழாயை வெர்னியரில் அளந்து, அதற்கு ஒரு படி மேலே மட்டும் போவேன். தம்பி பச்சை, உங்கள் 1.2 லிட்டருக்கு இதைவிடவும் சிறியது போதும்.

வளைவுகளைப் பாருங்கள். பல இடங்களில் குழாயை நசுக்கித்தான் வளைக்கிறார்கள். திருப்பத்தில் உள்விட்டம் சுருங்கிவிடும். குழாய்க்குள் தாங்கு உருளை நுழைத்து வளைக்கும் மேண்ட்ரல் பெண்டிங்கில் விட்டம் மாறாது. இங்கே அந்த இயந்திரம் இல்லாவிட்டாலும், மேண்ட்ரலில் வளைத்த துண்டுகள் தனியாகக் கிடைக்கின்றன, வாங்கி இணைத்துக்கொள்ளலாம்.

உலோகத்தில்தான் ஏமாற்று அதிகம். 304 ரக ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் என்று சொல்லி 202 ரகத்தைத் தருவார்கள். காந்தம் வைத்துப் பார், ஒட்டாவிட்டால் 304 என்பார்கள். 202-லும் காந்தம் ஒட்டாது! காந்தச் சோதனை 304-ஐயும் 202-ஐயும் பிரித்துக் காட்டாது. 304-ல் 8 சதவீதத்துக்குக் குறையாமல் நிக்கல் இருக்கும். 202-ல் அதைக் குறைத்து மாங்கனீஸ் சேர்த்திருப்பார்கள். அதைக் கண்டுபிடிக்கும் சொட்டு மருந்து உலோகக் கடைகளில் கிடைக்கிறது. பெரிய வணிகர்களிடம் வாங்கினால் பில்லில் தரத்தை எழுதித் தரச் சொல்லுங்கள். 409 என்ற ரகத்தில் காந்தம் ஒட்டும், ஆனாலும் அது கெட்ட உலோகமன்று. கார் நிறுவனங்களே அதைத்தான் அதிகம் பயன்படுத்துகின்றன. மேலே செம்மை படியுமே தவிர நாள்பட உழைக்கும். கடலோரத்தில் இருப்பவர்கள் மட்டும் 304-க்குப் போவது நல்லது.

தடிமன் 1.5 மி.மீ. இருக்கட்டும். அதற்கும் மெலிந்த தகடு தானே அதிர்ந்து தகர டப்பா ஒலி கொடுக்கும். வெல்டிங் டிக் முறையில், குழாயின் உட்புறத்திலும் ஆர்கான் வாயு நிரப்பிச் செய்ய வேண்டும். இல்லாவிட்டால் உள்ளே சர்க்கரைப் பாகு உறைந்ததுபோல் கரடுமுரடாகக் கருகி, அங்கிருந்துதான் துரு தொடங்கும்.

சட்டம்_படித்தவன்

குறுக்கிடுவதற்கு மன்னிக்கவும். இதை யாராவது சொல்லித்தான் ஆக வேண்டும். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, தயாரிப்பாளர் குறித்த விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் கேரள வழக்கு ஒன்றில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதிசெய்தது. அதே ஆண்டு வந்த திருத்தத்துக்குப் பிறகு 190(2) பிரிவின்படி ஒலி, காற்று மாசு வரம்பை மீறி ஓட்டினால் முதல் முறையே 10,000 ரூபாய் வரை அபராதம் அல்லது மூன்று மாதம் வரை சிறை அல்லது இரண்டும். மூன்று மாதத்துக்கு ஓட்டுநர் உரிமமும் போகும்.

சைலன்சரை எடுத்துவிட்டு ஓட்டும் ஸ்விஃப்ட் தம்பி இதைக் கவனமாகப் படிக்க வேண்டும். கேட் திறக்க வீட்டுக்காரர்களுக்கு ஹாரனே போதும். தெருவில் கைக்குழந்தைகள் தூங்குகிறார்கள், நோயாளிகள் இருக்கிறார்கள். அவர்கள் யாரும் உங்கள் இன்ஜினைக் கேட்க விருப்பம் தெரிவிக்கவில்லை.

சிவிக் நண்பருக்கு அடுத்த எஃப்சி-யும் இருக்கிறது. பிரேக் இன்ஸ்பெக்டர் முன்னால் நிற்கும்போது, பழுதான சைலன்சருக்கு மாற்றாக அதே இடத்தில், அதே அளவுக்கு அடங்கிய ஒன்று இருப்பது வேறு. ரெசனேட்டரே இல்லாமல் இருப்பது வேறு. முதலாவதும் முழுமையாகப் பாதுகாப்பானது என்று நான் சொல்ல மாட்டேன். கழற்றும் அசல் பாகங்களை எறிந்துவிடாதீர்கள்.

பச்சை_ஸ்விஃப்ட்

சார், உரிமம் போகும் என்பது எனக்குப் புதிய செய்தி. பழைய சைலன்சர் மொட்டை மாடியில்தான் கிடக்கிறது. மாட்டிவிடுகிறேன். அப்புறம் எனக்கும் ஒரு வழி சொல்லுங்கள். ஆசை போகவில்லை.

நான்காம்_வரிசை

போக வேண்டியதில்லை, தம்பி. உங்கள் இருவருக்கும் ஒரே யோசனை: முன்பக்கம் பாருங்கள். ஓட்டுபவர் காதுக்கு நான்கு சிலிண்டர் இன்ஜின் இனிமையாகக் கேட்பதில் பெரும்பங்கு இன்டேக் ஒலிக்குத்தான், அதாவது இன்ஜின் காற்றை உள்ளிழுக்கும் ஒலிக்கு. த்ராட்டில் திறக்கும்போது மட்டும் எழுந்து, காலை எடுத்தால் அடங்கிவிடும். சீரான வேகத்தில் த்ராட்டில் பாதி மூடியிருப்பதால் முழக்கம் வராது. அம்மாவுக்கும் தொல்லையில்லை, தெருவுக்கும் இல்லை. சிவிக் நண்பர் எழுதிய இரண்டு ஆசைகளையும் ஒன்றாக நிறைவேற்றும் வழி எக்ஸாஸ்டைவிட இதுதான்.

அதற்காகக் கூம்பு வடிவ ஃபில்டரை இன்ஜின் மேல் திறந்த வெளியில் வைக்காதீர்கள்; சூடான காற்றை இழுத்து இழுவை குறையும். ஏர் பாக்ஸ் அப்படியே இருக்கட்டும். புதிய ஃபில்டர், விரிசல் இல்லாத குழாய், சுத்தமான த்ராட்டில் பாடி ஆகியவற்றிலேயே வேறுபாடு தெரியும்.

பழைய_பட்டறை

இதற்கு முன்னால் இன்னொரு வேலை இருக்கிறது. பழைய சிவிக்கில் இன்ஜினைத் தாங்கும் ரப்பர் மவுண்ட் உட்கார்ந்துவிடும். எக்ஸாஸ்டைத் தாங்கும் ரப்பர்கள் இறுகிவிடும். இவை இரண்டும் போய்விட்டால் எந்தச் சைலன்சர் போட்டாலும் அதிர்வு உடலுக்குள் ஏறும். வண்டியை ராம்பில் ஏற்றி, குழாய் எங்கேயாவது உடலைத் தொட்ட தடம் பளபளப்பாகத் தெரிகிறதா என்று பாருங்கள். நான் பார்க்கும் முழக்கப் புகார்களில் பல ரப்பர் மாற்றியதிலேயே தீர்ந்துவிடுகின்றன.

கிள்ளான்_எஃப்டி

நடு ரெசனேட்டரைப் பற்றிக் கேட்டிருந்தாரே. அதைத் தொடவே கூடாது என்பது என் உறுதியான கருத்து. 3,500-லிருந்து 4,500 வரை வரும் கரகரப்பை அடக்குவது அதுதான். இங்கே இளைஞர்கள் முதலில் அதைத்தான் வெட்டுகிறார்கள். பிறகு கரகரப்பு தாங்காமல் பின்னால் பெரிய சைலன்சர் தேடி அலைகிறார்கள். அது துருப்பிடித்திருந்தால் அதே நீளத்தில், இன்னும் முடிந்தால் சற்று நீளமாகவே, நேர்வழி ரெசனேட்டர் போடுங்கள்.

சிவிக்_கோவை

அனைவரும் சொன்னதை வைத்து முடிவு செய்துவிட்டேன். கன்வெர்ட்டரும் நடு ரெசனேட்டரும் அப்படியே இருக்கும். மவுண்டும் ரப்பர்களும் முதலில். பின் சைலன்சருக்கு அறைகள் கொண்ட, அசல் அளவுக்கு நெருங்கிய ஒன்று. உள்குழாய் மட்டும் ஒரு படி பெரிது. அதன் பிறகு ஓட்டிப் பார்த்து, 2,500-ல் முழக்கம் மிஞ்சினால் பக்கக் கிளை. நான்கு அங்குல டிப் வேண்டாம்.

இரண்டு கேள்விகள் மிச்சம். பக்கக் கிளையை எந்த இடத்தில் பிரிப்பது? புதிய சைலன்சரும் ஐந்தாறு ஆண்டில் துருப்பிடிக்காமல் இருக்க என்ன செய்வது?

நான்காம்_வரிசை

குழாயின் திறந்த வாயில் ஒலி அழுத்தம் ஏறக்குறைய சுழியம்; அங்கே கிளை வைத்தால் பயனில்லை. அழுத்தம் உச்சமாக இருக்கும் இடம் வேண்டும். உங்கள் காரில் இடவசதியைப் பார்த்தால், ரெசனேட்டருக்கும் பின் அச்சுக்கும் நடுவில் முயலுங்கள். வெட்டுவதற்கு முன் கைபேசியில் எந்தச் சுருதி எவ்வளவு ஓங்கியிருக்கிறது என்று பிரித்துக் காட்டும் செயலியைப் போட்டு, மூன்றாம் கியரில் 1,500-லிருந்து 4,000 வரை மெதுவாக ஏற்றி, பின் இருக்கையில் பதிவு செய்யுங்கள். உச்சம் 83-ல்தான் இருக்கிறதா, 88-க்கு நகர்ந்திருக்கிறதா என்று தெரியாமல் குழாயை வெட்டக் கூடாது. கைபேசியை அம்மாவிடம் கொடுத்து, முழக்கம் தொடங்கும்போதும் முடியும்போதும் சொல்லச் சொல்லுங்கள். உங்களைவிட அவர்தான் சரியாகச் சொல்வார்.

பழைய_பட்டறை

துருவுக்குக் காரணம் வெளியில் பெய்யும் மழையைவிட உள்ளே ஊறும் நீர். 1 லிட்டர் பெட்ரோல் எரிந்தால் ஏறக்குறைய 1 லிட்டர் நீர் ஆவியாகப் பிறக்கிறது. கார் முழுச் சூடு ஏறுவதற்குள் நிறுத்திவிட்டால் அது பின் சைலன்சரில்தான் குளிர்ந்து தேங்கும். கடைக்கும் கோயிலுக்கும் இரண்டு கிலோமீட்டர் ஓட்டி நிறுத்தும் கார்களுக்கு அடிப்பகுதி முதலில் போவது இதனால்தான். வாரத்துக்கு ஒருமுறை பாலக்காடு சாலையில் அரை மணி நேரம் நன்றாக ஓட்டுங்கள். சைலன்சரின் தாழ்ந்த மூலையில் 3 மி.மீ. அளவில் நீர் வடியும் துளை இருக்கிறதா என்று வாங்கும்போதே பாருங்கள். சிலர் அதை ஓட்டை என்று நினைத்து வெல்டிங் வைத்து அடைத்துவிடுகிறார்கள், அடைக்க விடாதீர்கள்.